ஆறாவது கியர்

படையோடு கடல் தாண்டுகிறவர்
என்னென்ன கொண்டுபோகலாம் என்று ஒரு தாள் வந்தது.
ஒரு இரும்புப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள்,
கொசுவலை இரண்டு, ஊசி போட்ட சீட்டு.
கார் என்று அதில் இல்லை.
கார் கூடாது என்றும் இல்லையே
என்றார் இவர்.

கோயமுத்தூர் மில்லுக்காரர் மகன்
மூன்று வருஷம் ஓட்டி அலுத்து விற்றது.
சிவப்பு. கதவு இரண்டு, இருக்கை இரண்டு.
நாங்கள் மூன்று பேர்.
அந்தக் கணக்கை அன்றே கேட்டேன்.
"மடியில வச்சுக்க" என்றார்.
மகளுக்கு வயது பதினொன்று.

தூத்துக்குடிக்குப் போனோம்.
கப்பல் ஏஜெண்ட் வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
மொம்பாசா வரைக்கும் கப்பல்,
அங்கிருந்து லாரி, எல்லை, இன்னொரு எல்லை,
அப்புறம் ரோடு இருந்தால் ரோடு.
"அமைதிப் படைக்குப் போறீங்க சார்,
இதுல போய் இறங்குனா
சண்டைய விட்டுட்டு வேடிக்கை பாக்க வந்துருவாங்க."
"அதுக்குத்தான போறேன்."
இவர் சிரிக்கவில்லை.
எட்டயபுரம் தாண்டும்வரை பேச்சும் இல்லை.

புறப்படும் முதல்நாள் ராத்திரி
கொட்டகையில் விளக்கு எரிந்தது.
கியர்க் குமிழை மட்டும் திருகிக் கழற்றி
பனியனில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.
"கூட்டிட்டுப் போறேன்" என்றார்,
ஆளைச் சொல்வதுபோல.
எனக்கும் ஏதோ சொன்னார்.
அது இங்கே வேண்டாம்.

எனக்குக் கருமாத்தூரில் முட்டைக் கடை.
மொபெட் படுத்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை
சாவியை எடுத்தேன்.
இடது இருக்கையில் பன்னிரண்டு அட்டை,
பெல்ட் போட்டு, முந்நூற்றறுபது முட்டை.
செக்கானூரணி வேகத்தடையில்
அடிவயிறு தட்டியது, காருக்கு.
ஐந்து உடைந்து
இருக்கைத் தையலுக்குள் இறங்கிவிட்டது மஞ்சள்.
அதை இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

குமிழ் இல்லாத கம்பி மரை தெரிய நிற்கும்.
சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து தொட்டால்
உள்ளங்கையில் வட்டமாகச் சுடும்.
சணல் சுற்றினேன், அவிழ்ந்தது.
கொழுந்தன் ஒச்சுராமன்
"ஐந்நூறு ரூவா மதினி, புதுசு மாட்டிரலாம்" என்றான்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றான்.
நான் முட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டினார்.
வெள்ளை ஜீப், கதவில் கறுப்பு எழுத்து,
நடுவில் நம் குமிழ்.
மரை ஒட்டவில்லையாம்,
டேப்பைச் சுற்றி இறுக்கியிருக்கிறாராம்.
வெளியே சேறு. மாடுகள்,
கொம்பே அரை ஆள் உயரம்.
மழை நிற்கும்வரை ரெண்டாவது கியருக்கு மேல் வேலையில்லை.
"குமிழ்ல ஆறு வரைக்கும் போட்டிருக்கு,
இந்த வண்டிக்கு அஞ்சுதான்.
கூட இருக்கிற நம்ம பயலுக கேக்குறாய்ங்க,
அண்ணே, ஆறு எங்கண்ணே இருக்குன்னு."
"என்ன சொன்னீங்க?"
"உசிலம்பட்டியில இருக்குன்னேன்."
லைன் போய்விட்டது.

மறுநாள் விடிகாலை முட்டை ஏற்றவில்லை.
அந்த இருக்கையில் மகள்,
பாதித் தூக்கம், சீருடைக்கு மேலே என் சால்வை.
கப்பலூர் தாண்டி நாலுவழிச் சாலை,
லாரிகள் இன்னும் டீக்கடையில்.
கம்பியில் எண் ஏதும் இல்லை.
ஐந்திலிருந்து நேர் கீழே என்று
கைதான் நினைத்தது.
விழுந்தது.

சத்தம் கூடும் என்று நினைத்திருந்தேன்.
குறைந்தது.
"இவ்வளவுதானா?" என்றாள்.
"இவ்வளவுதான்."
கொஞ்ச தூரம் அப்படியே போனோம்.

பிறகு மூக்கைச் சுளித்தாள்.
"காருக்குள்ள முட்டை நாத்தம்மா.
அப்பா வந்தா கண்டுபிடிச்சிருவாரு."
ஏழு மாதம் இருக்கிறது, போய்விடும் என்றேன்.
கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.